தலைவனின் இடது கை

அந்த மலைக்குடியில் தலைவன் இறந்தால், வாள் சண்டையில் எல்லோரையும் வெல்பவனே அடுத்த தலைவன். இந்த முறை கடைசியாக எயினனும் அவன் நண்பன் ஆதனும் எதிரெதிரே நின்றார்கள். எப்போதோ எயினனைக் காப்பாற்றப் போய் ஆதனின் முழங்கால் உடைந்திருந்தது. அது எயினனுக்கு மட்டுமே தெரியும். எயினன் அந்த முழங்காலிலேயே வெட்டினான்.

மண்ணில் விழுந்த ஆதன் சொன்னான்: "சரியான இடம்தான். இனி உன்னை நன்றாகத் தெரிந்தவர்கள் பக்கத்தில் படுக்காதே."

எயினன் வாளை அவன் நெஞ்சில் இறக்கினான். கூட்டம் புதிய தலைவனைத் தூக்கிக்கொண்டுபோய் வீட்டில் விட்டது.

மனைவி செள்ளை எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். குளிர் வந்தால் மரத்துப்போகும் அவன் இடது கையை வழக்கம்போல நீவிவிட்டாள்.

"இது வேறு யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டான்.

"நம்ம ரெண்டு பேருக்குத்தான்" என்று சிரித்தாள்.

எயினன் எழுந்துபோய்க் கதவை உள்பக்கம் தாழிட்டான்.