ஓயாத இரைச்சல்

ஆம்பிளிபயரின் தலையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினான் சின்னதுரை. ‘ம்ம்ம்ம்...’ என்ற இரைச்சல் ஒரு நொடி நின்றது போல் போக்குக் காட்டிவிட்டு, மறுபடி வந்து ஸ்பீக்கரில் உட்கார்ந்துகொண்டது.

"மூணு நாளு வெச்சிருந்து இன்னாத்த கிழிச்சான் உன் மெக்கானிக்கு?" என்றான் பகலவன். ஒதுக்கீடு கேட்டு நடக்கவிருந்த சாலை மறியலுக்கு ஊரைத் திரட்டிக்கொண்டிருந்த பங்காளி அவன். "நாளிக்கு காலீல ரோட்டுல உக்கார்றோம். இந்த எரைச்சல்ல எவன் பேச்சு கேக்கும்?"

சின்னதுரை வாடகைக்கு மைக்செட் கட்டுகிறவன். சேலத்தில் பழைய சாமான் கடையில் வாங்கிய பெட்டி அது. வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து அவனைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. ப்ளக்கைத் திருப்பிச் சொருகிப் பார்த்தான். மைக் ஒயரை மாற்றிப் பார்த்தான். ஈர மண்ணில் கம்பி அடித்து எர்த் கொடுத்துப் பார்த்தான்.

எதற்கும் அடங்காததால்தான் கள்ளக்குறிச்சிக்குத் தூக்கிப்போய்ப் பிச்சைமுத்துவின் ரேடியோ கடையில் வைத்தான். கண்டன்சரை மாற்றினேன் என்றார் அவர். ட்ரான்ஸ்பார்மரைத் தள்ளி வைத்தேன் என்றார். நடுவில் ஒருநாள் அவன் மனைவி மணிமொழி, இருமலுக்கு மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனவள், "நானே பாத்துக்கினு வர்றேன்" என்று கடைக்கும் போய்வந்தாள். அவளும் இன்னும் சரியாகவில்லை என்றுதான் சொன்னாள்.

"அவன் காலனிக்காரன்டா," என்றான் பகலவன். "நமக்கு ஒதுக்கீடு வந்துடப் போவுதுன்னு வயித்தெரிச்சல். வேணும்னே இழுத்தடிக்கிறான். நீ இருந்துக்கோ, நான் பொன்னுரங்கத்தோட மைக்செட்டைச் சொல்லிட்டேன்."

பக்கத்து ஊர் பொன்னுரங்கம்! சின்னதுரைக்கு உடம்பு கூசிப்போனது. சொந்தச் சாதி சனம் திரளும் கூட்டத்தில், சொந்த ஊர்க்காரன் மைக்செட்டுக்கு இடமில்லை.

மறுநாள் விடிவதற்குள் சாலையெங்கும் புளியமரங்கள் சாய்ந்து கிடந்தன. சேலம் பஸ்ஸும் இல்லை, வெள்ளிமலைக்கு ஏறும் பஸ்ஸும் இல்லை. ஊர் ஆண்கள் மொத்தமும் மறியலுக்குப் போய்விட்டார்கள். அங்கே முகம் காட்ட மனமில்லாமல், சின்னதுரை மட்டும் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக ஆம்பிளிபயரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

ஒவ்வொரு ஒயராகப் பின்தொடர்ந்துகொண்டே வந்தவன், மைக் சொருகும் இடத்தில் நின்றான். எர்த் ஒயர் அங்கே சேரவில்லை. பற்றவைத்த ஈயத்தைச் சுத்தமாக எடுத்து, நுனியில் டேப் சுற்றி, மற்ற ஒயர்களுக்கு அடியில் மடித்துச் செருகியிருந்தது. தானாக விட்டுப்போன ஒயர் டேப் சுற்றிக்கொள்ளாது.

டேப்பைப் பிரித்து ஒயரை அதன் இடத்தில் முறுக்கிவிட்டுச் சுவிட்சைப் போட்டான். சத்தமே இல்லை; வாங்கிய நாளிலிருந்து இருந்த பழைய இரைச்சலும் சரிசெய்யப்பட்டிருந்தது. மைக்கில் மூச்சு விட்டான். மூச்சு மட்டும் தெளிவாகக் கேட்டது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினான். மரம் கிடந்த இடத்திலெல்லாம் சைக்கிளைத் தோளில் தூக்கி, வரப்பில் இறங்கி, கள்ளக்குறிச்சி போய்ச் சேரும்போது நடு மத்தியானம். கடைத்தெரு அடைத்துக் கிடந்தது. பிச்சைமுத்து மட்டும் ஒரு பலகையைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே இருந்தார்.

"எர்த்தை ஏன்யா கழட்டுன?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கை மறதி, தம்பி."

"மறதில எவனாச்சும் டேப்பு சுத்துவானா? நாங்க மேல வர்றது உனக்குப் புடிக்கல. அதானே?"

பிச்சைமுத்து வாய் திறக்கவில்லை. அந்த மௌனம்தான் சின்னதுரையை உசுப்பிவிட்டது. சட்டையைப் பிடித்து இழுத்து, முகத்தில் ஒன்று விட்டான். கண்ணாடி தெறித்து விழுந்தது. உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

அப்பன் வயசு அவருக்கு. குனிந்து கண்ணாடியைத் தடவி எடுத்து, வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டார். "எரைச்சல் போயிடுச்சில்ல? அப்ப வூட்டுக்குப் போ. மெயின் ரோட்டுப் பக்கம் போவாத, வந்த வழியே வரப்புலயே போ," என்றார்.

திரும்பி வரும்போது சைக்கிளை மிதிக்கக்கூடத் தெம்பில்லை. அடித்த கை வலித்தது. கோபம் தீர்ந்த இடத்தில் வெறும் அலுப்புதான் மிஞ்சியிருந்தது.

வாசலிலேயே நின்றிருந்தாள் மணிமொழி. அழுது அழுது கண் வீங்கியிருந்தது. அவனைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கய்யா போயிட்ட? ரோட்டுல தடியடியாம். மைக்கு கிட்ட இருந்தவங்களத்தான் மொதல்ல புடிச்சாங்களாம். பொன்னுரங்கம் அண்ணனுக்கு ரெண்டு கையும் ஒடைஞ்சி, மண்டை பொளந்து, ஜீப்புல தூக்கிப் போட்டுக்கினு போயிட்டாங்களாம். அவங்க வூட்டுல ஒரே அழுகை."

அந்த மைக் பக்கத்தில் இருந்திருக்க வேண்டியவன் சின்னதுரை.

அப்போதுதான் அவன் கையைக் கவனித்தாள். "இன்னாய்யா இது, ரத்தம்?"

"என்துல்ல. அந்தப் பிச்சைமுத்துவோடது. வேணும்னேதான் எர்த்தைக் கழட்டி வெச்சிருக்கான். கேட்டா வாயே தொறக்கல. வெச்சேன் ஒண்ணு."

பிடித்திருந்த அவன் கையை அவள் உதறினாள்.

"கழட்டி வெக்கச் சொல்லி அவரு கால்ல வுழுந்தவ நான்தான்யா!"