கோட்டுக்கு அளவு

முதலில் மோசம் செய்தது மச்சான்தான். தையல்காரரின் மகள் வெளிநாட்டுத் தனியார் பல்கலைக்கழகத்தில் படிக்க, பேங்க் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்டதற்கு, "தையல் மிஷினை நம்பி நான் கையெழுத்துப் போடணுமா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டவர்.

இன்று அதே மச்சான், அந்த மகளின் பட்டமளிப்பு விழாவுக்குப் போக, தையல்காரரின் கடையிலேயே கோட்டுக்கு அளவு கொடுத்துக்கொண்டு நின்றார்.

"தோள்ல கொஞ்சம் லூஸா விடுங்க மாப்பிள்ளை."

தையல்காரர் டேப்பை இறுக்கினார்.

"நீங்க போகலையாண்ணே?" என்றார் காஜா போடுகிறவர்.

"ரெண்டு பேருக்குத்தான் அனுமதியாம். அம்மாவும் மாமாவும் வந்தாப் போதுமாம். கத்திரி பிடிக்கிறவனை அப்பான்னு காட்டினா அவ கௌரவம் என்னாகிறது?"

"அடப்பாவமே!" ரவிக்கை வாங்க வந்த டீச்சரம்மா உச்சுக்கொட்டினார். "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்ல."

தையல்காரருக்கு அது இதமாக இருந்தது. மச்சான் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செல் அடித்தது. மகள். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"சொல்லுங்க மேடம். மாமா கோட்டு என்ன கலர்?"

"கோட்டை உங்களுக்குத் தைச்சுக்குங்கப்பா. நீங்கதான் வரீங்க."

"என்ன திடீர்ப் பாசம்?"

"அடுத்த மாச விழாவுக்கு நேத்தே ஒத்திகை. 'தகப்பனை இழந்தும் படித்தவர்'னு மைக்ல என்னைக் கூப்பிட்டாங்க. என்னால மேடை ஏற முடியலப்பா. நேரா ஆபீசுக்குப் போய் உண்மையைச் சொல்லிட்டேன்."

தையல்காரரின் விரல் ஸ்பீக்கரை அணைக்கத் தடவியது. எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை.

"அப்புறம் பேசறேம்மா..."

"இல்லப்பா, கேளுங்க. கடன் கிடைக்கலைன்னதும், அப்பா இல்லாத பிள்ளைங்களுக்குப் பாதிக் கட்டணம்னு, நீங்க செத்துட்டதா நீங்களே ஃபார்ம்ல எழுதச் சொன்னீங்களே, அதைச் சொல்லிட்டேன். மேடையில வெறும் உறைதான் தருவாங்களாம். மீதிக் கட்டணத்தைக் கட்டினப்புறம்தான் பட்டம். வேலை பார்த்து நான் கட்டிக்கறேன். நீங்க வாங்க, போதும்."

டீச்சரம்மா ரவிக்கையை மடித்துக்கொண்டு, சொல்லாமல் படியிறங்கினார்.

மச்சான் தன் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து, தையல்காரரின் தோளில் போட்டார்.

"வாங்க மாப்பிள்ளை, உங்களுக்கு அளவெடுக்கலாம்."

தையல்காரரால் தலை நிமிர முடியவில்லை. தரையைப் பார்த்தபடியே முணுமுணுத்தார்:

"அன்னிக்குச் சொன்ன வார்த்தைக்கு நீங்க இன்னும் மன்னிப்புக் கேட்கலை மச்சான்."