கல்லுப்புக்குள் அக்கம்பக்கம்

ஒரு கல்லுப்புக்குள் சோடியமும் குளோரினும் அக்கம்பக்கமாகக் குடியிருந்தன. அங்கே யாரும் இடம் மாற முடியாது. நின்ற இடத்திலேயே ஆடிக்கொள்ளலாம்.

உப்பு ஜாடி அடுப்போரம் சூடாகும்போதெல்லாம் குளோரின் எரிந்து விழும்.

"கொஞ்சம் சும்மா இரேன்! எத்தனை இடிதான் தாங்குறது?"

"நீயும்தான் ஆடுற," என்று சோடியம் சிரிக்கும்.

ஒருநாள் அந்தக் கல் அம்மிக் குழவிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. இரண்டும் நெருங்கி ஒடுங்கின. தள்ளி ஆட இடமில்லாமல் சோடியம் படபடவென்று துடித்தது.

"முன்னைவிட இது மோசம்," என்றது குளோரின்.

குழவியிலிருந்து தப்பிய கல்லை யாரோ ஜாடியில் போட்டு, மறதியாக ஜாடியை ஃப்ரீசரில் வைத்துவிட்டார்கள். குளிர் ஏற ஏற சோடியத்தின் ஆட்டம் குறைந்துகொண்டே போனது.

கேட்ட அமைதி கிடைத்தும் குளோரினுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தானே மெல்ல அசைந்து, பக்கத்தில் லேசாக இடித்துப் பார்த்தது.

"இருக்கியா?"

சற்றுப் பொறுத்து ஒரு சின்ன நடுக்கம் வந்து சேர்ந்தது.

"இருக்கேன். எவ்வளவு குளிர்ந்தாலும் முழுசா அடங்க எனக்கு வராது. கோவிச்சுக்காதே."

"யாரு அடங்கச் சொன்னா?" என்றது குளோரின். "இடிச்சுக்கிட்டே இரு."