பாதி பிரித்த பை

“அந்தக் கவிதையை உங்க தளத்துல இருந்து இப்பவே எடுங்க. அது எனக்கு வந்தது.”

போனை ஸ்பீக்கரில் போட்டு, தண்ணீர் டம்ளர் மேல் சாய்த்து வைத்துவிட்டு, அவள் மடிக்கணினியில் விரல்களை ஓட்டிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேஜைதான் அவளுடைய இணைய இதழின் அலுவலகம். மாலை ஆறு மணிக்கு இதழ் வெளியாக வேண்டும். முதல் பக்கத்தில் ‘பாதி பிரித்த பை’ என்ற கவிதை. கடைசியாக ஒருமுறை சரிபார்த்தபோதுதான் போட்டி இதழின் தளம் கண்ணில் பட்டது. அதே தலைப்பு, அதே புதுக் கவிஞர். ‘இன்று மாலை’ என்ற அறிவிப்பு வேறு.

“எனக்கும்தான் வந்துச்சு,” என்றான் அந்த இதழின் ஆசிரியன், மறுமுனையில். “ஏத்துக்கிட்டேன்னு பதிலும் போட்டாச்சு, மேடம்.”

அந்த ‘மேடம்’ சுருக்கென்றது. இருவரும் பேசி வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரு காலத்தில் சேர்ந்து நடத்தியது ஒரே இதழ். பிரிந்தபோது இதழின் பெயர் அவளுக்கு வந்தது. வாசகர்களில் பாதிப்பேர் அவன் பின்னால் போனார்கள். அதன்பிறகு எதுவானாலும் இரண்டு வரி மெயில்தான். இன்று மெயிலுக்கு நேரமில்லை.

“பேரைப் பாருங்க, சனிக்கிழமையாம்,” என்றாள். “புனைபெயர் வைக்க வேற கிழமையே கிடைக்கலையா?”

“பிடிச்சது என்னவோ நம்ம ரெண்டு பேரையும்தான்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

ஒரே கவிதையை இரண்டு இடத்துக்கு அனுப்பக் கூடாது என்று இரண்டு இதழ்களிலும் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. மீறினால் நிரந்தரத் தடை. அவள் அதையே சொன்னாள். அவளும் தடை போடுகிறாள், அவனும் போடட்டும். அந்த ஆள் இனி எந்தப் பக்கமும் எட்டிப் பார்க்கக் கூடாது. முதல் கவிதையிலேயே கழுத்தை நெரித்தால் அந்த ஆள் ஆயுசுக்கும் பேனாவைத் தொடமாட்டார் என்று அவன் கெஞ்சாத குறையாகச் சொன்னான்.

“கண்டிக்கிற வேலை மட்டும் எப்பவும் எனக்கு. நல்ல பேர் உங்களுக்கு,” என்றாள்.

அவன் கவிதையைப் படிக்க ஆரம்பித்தான்.

“பையின் அடியில் கிடப்பதை மட்டும்
நான் எடுப்பதே இல்லை.
எடுத்தால், தங்கிவிட்டேன் என்று ஆகிவிடும்.”

அவள் விரல்கள் நின்றன. எத்தனையோ முறை படித்த வரிகள்தான். அவன் குரலில் கேட்கும்போது புதிதாக இருந்தன.

“நாடு விட்டு நாடு போன ஒரு அகதியோட வலி,” என்றான். “இதுக்கா தடை?”

“அகதியும் இல்லை, ஒண்ணும் இல்லை. பைங்கிறது உடம்பு. கிளம்பத் தயாரா இருக்கிற உயிர் பேசுது. எழுதினது யாரோ வயசானவங்க.”

“எதைக் கொடுத்தாலும் உங்களுக்குத் தத்துவம்தான்.”

“உங்களுக்கு அரசியல்.”

இப்படியே போனால் ஆறு மணி ஆகிவிடும். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். கவிஞரையே கேட்டுவிடலாம். இரண்டு இதழில் ஒன்றை இப்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்தால் மன்னிப்பு. இல்லையென்றால் இரண்டு பக்கமும் கதவை அடைத்துவிட வேண்டியதுதான்.

அவன் தயங்கினான். “பாவம், இப்படி நெருக்கினா...”

“ஒண்ணைச் சொல்றதுல என்ன கஷ்டம்?”

“சரி, சீக்கிரம் அனுப்புங்க. நான் வண்டி எடுக்கணும். ஆறு மணிக்கு ஒரு இடத்துல இருக்கணும்.”

“தெரியும். லேட்டாதான் போவீங்கன்னும் தெரியும்.”

அவள் மெயிலைத் தட்டி, அவனுக்கும் ஒரு நகல் போகும்படி அனுப்பினாள். உள்ளறையில் ஒரு போன் சிணுங்கி அடங்கியது. அவள் திரும்பவில்லை, பார்வை திரையிலேயே இருந்தது. சுட்டியை ‘நிரந்தரத் தடை’ என்ற பொத்தானின் மேல் கொண்டுபோய் நிறுத்தினாள்.

கவிஞரிடமிருந்து பதில் இல்லை. அவனும் போனை வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை.

“இனி வராது. அழுத்தப் போறேன்,” என்றாள்.

“கொஞ்சம் பொறு,” என்றான். ‘மேடம்’ எங்கேயோ நழுவிப் போயிருந்தது. “ஒரே ஒரு நிமிஷம்.”

அப்போதுதான் இருவருக்கும் ஒரே சமயத்தில் பதில் வந்தது. அவன் வாய்விட்டுப் படித்தான்.

“மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று அன்றைக்கு நீதிபதி கேட்டபோதே எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை...”

அவன் அதோடு நிறுத்திவிட்டான். மிச்சத்தை அவள் திரையில் படித்தாள்: ‘அம்மா, அப்பா, திரும்பவும் கேட்காதீர்கள்.’

அவள் மெல்ல நிமிர்ந்தாள். உள்ளறை வாசலில், எல்லாச் சனிக்கிழமையும் போல் அப்பா வீட்டுக்குக் கிளம்பத் தயாராக, தோளில் பையோடு மகள் நின்றிருந்தாள்.