மிச்சம் மூன்று

பழைய கம்ப்யூட்டர் போர்டுகளை ஆசிட்டில் போட்டுத் தங்கம் பிரிப்பதில் தாவூதை மிஞ்ச அந்தப் பேட்டையில் ஆள் கிடையாது. பதினெட்டு வருடத்தில் ஆசிட் அவர் கைகளில் ஏழு நகங்களைத் தின்றிருந்தது. இப்போது அதே வேலைக்குக் கம்பெனி ஒரு தொட்டி நிறையக் கிருமிகளைக் கொண்டுவந்து இறக்கியிருந்தது. பொடித்துப் போட்ட போர்டிலிருந்து செம்பை அவை கரைத்து எடுத்துவிடும், தங்கம் அடியில் தங்கிவிடும் என்றாள் தொட்டியைப் பார்த்துக்கொள்ள வந்த ஹேமா மேடம். கண்ணுக்கே தெரியாத சனியன்கள் தன் பிழைப்பில் கைவைப்பதைத் தாவூதால் பொறுக்க முடியவில்லை. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் ஒரு கேன் ஆசிட்டைத் தூக்கிவந்து தொட்டியில் கவிழ்த்தார்.

"செத்துத் தொலைங்க."

மூன்றாம் நாள் தொட்டி அதுவரை இல்லாத அடர்நீலத்தில் கிடந்தது. ஹேமா குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஆசிட் ஊத்துனது நீங்கதானே பாய்?"

வேலை போனால் போகட்டும் என்று அவர் தலையாட்டினார்.

"நானே ஊத்தணும்னு இருந்தேன். இதுங்களுக்கு ஆசிட் இருந்தாத்தான் உயிரு. பாருங்க, செம்பு எப்படிக் கரைஞ்சிருக்குன்னு. இனிமே அளவு சொல்றேன், நீங்களே ஊத்திருங்க."

அவள் போனபின் தாவூது கையுறைகளைக் கழற்றினார். நீலத்துக்குள்ளிருந்து ஒரு குமிழி நிதானமாக மேலே வந்து உடைந்தது. அவர் இரண்டு கைகளையும் தொட்டிக்கு மேலே விரித்துப் பிடித்தார்.

"இன்னும் மூணு மிச்சமிருக்கு" என்றார். "வேணுமா?"