அழவிட்டால் நுரையீரல் விரியும்

மதிய வெயில் பார்லரின் பெரிய கண்ணாடியில் பட்டு, மூலையில் இருக்கும் கூடைமேல் சரிகிறது. கூடைக்குள் மூன்று மாதக் கைக்குழந்தை வீல் வீலென்று அழுகிறது. அதன் அம்மாவின் கையுறை முழுக்கக் கறுப்புச் சாயம். எதிரே, பாதித் தலைச் சாயத்தோடு, வாடிக்கையாக வரும் கம்பெனி மேனேஜரம்மா உட்கார்ந்திருக்கிறார். நாலு நாடு சுற்றியவர். நாலு நாட்டுப் பிள்ளை வளர்ப்பும் அவருக்கு அத்துப்படி. "தூக்காதம்மா. அங்கெல்லாம் அழவிட்டுடுவாங்க. நுரையீரல் நல்லா விரியும்." அலமாரியில் சாய்த்துவைத்த போனிலிருந்து அவளுடைய அக்கா கத்துகிறாள்: "அடியே, புள்ளைய முதல்ல தூக்குடி!" "உங்க அக்கா எத்தனை நாடு பாத்திருக்காங்க?" "நான் மூணு புள்ள பாத்திருக்கேன்னு சொல்லுடி!" தூக்கினால் செல்லம் கொடுத்துக் கெடுத்தவள், தூக்காவிட்டால் கல்நெஞ்சுக்காரி, எப்படிப் பார்த்தாலும் ஏதோ ஓர் ஊருக்கு அவள் கெட்ட அம்மா. இந்த வகிடு முடியட்டும் என்று இருவருக்கும் பொதுவாக மனதுக்குள் ஒரு தீர்ப்பு சொல்லிக்கொள்கிறாள். அழுகை விக்கலாக உடைகிறது. பிரஷ் தவறி, மேனேஜரம்மாவின் காதில் ஒரு பொட்டுச் சாயம் விழுகிறது. போதும் என்று அவள் கையுறைகளை உருவித் தொட்டியில் போட்டுவிட்டுத் திரும்பினால் நாற்காலி காலி. கழுத்துத் துணி பறக்க, மேனேஜரம்மா கூடைக்குள் கைவிட்டுக்கொண்டிருக்கிறார். "தூக்கலம்மா. சும்மா பாத்தேன்." அவள் நடுவில் புகுந்து குழந்தையை அள்ளித் தோளில் போட்டுக்கொள்கிறாள். அழுகை தேம்பலாக இறங்குகிறது. "தலையைத் தாங்கிப் பிடிம்மா" என்கிறார் மேனேஜரம்மா. "தலையத் தாங்கிப் புடிடி" என்கிறாள் அக்கா. அவள் தாங்கித்தான் பிடித்திருக்கிறாள்.