மூன்றாம் மாடியில் பதினொரு ஸ்டூல்

உட்கார்ந்திருந்தாள்.

இந்தத் துணிக்கடையில் சேர்ந்து நான்கு வருடம். கடைக்குள் உட்காருவது இதுதான் முதல் தடவை.

முதுகைச் சாய்க்காமல், நுனியில். ஒரு அம்மா கைப்பையோடு படியேறி வந்தார். அவளை அறியாமலே கால்கள் எழுந்துவிட்டன.

"ஏட்டி, எந்திக்காத." சூப்பர்வைசர் செல்வின் பல்லைக் கடித்தான். "இன்னைக்கு உக்காருறதுதான் ஒனக்கு வேல."

மறுபடி உட்கார்ந்தாள்.

பட்டுப் பிரிவில் பதினொரு பெண்கள். காலையில் வந்து இறங்கியவை பதினொரு ஸ்டூல்கள். கடையில் நின்று வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று சட்டம் வந்து வருடங்கள் ஆயிற்று. ஸ்டூல் வரவில்லை. தொழிலாளர் துறை ஆய்வு வருகிறது என்று தெரிந்ததும் வந்துவிட்டது. மேலே சுற்றியிருக்கும் பாலித்தீனைக் கிழிக்கக் கூடாது. சாயங்காலம் எல்லாம் நாகர்கோவில் கிளைக்குப் போகவேண்டும்.

அங்கே ஆய்வு நாளைக்கு.

அவளுக்கு வயது இருபத்தாறு. கணுக்காலுக்கு மேலே நரம்பு பச்சையாகச் சுருண்டு கிடக்கிறது.

அதற்கில்லை கோபம்.

அரை மணி நேரத்துக்கு முன்னால் செல்வின் ஸ்டாக் ரூம் கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டான். உள்ளே இசக்கியக்கா.

இந்த மாடியைக் கூட்டித் துடைப்பவர். கழிப்பறை கழுவுபவர். ஐம்பத்து நான்கு வயது. வலது கால் முழங்கால் வரை வீங்கியிருக்கும். ஏஜென்சி மூலம் வந்தவர் என்பதால் கடையின் வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் கிடையாது. பெயர் இல்லாத ஆளை அதிகாரி பார்த்தால் கேள்வி வரும். கேள்வி வந்தால் இன்னொரு ஸ்டூல் வேண்டும்.

"ஒங்களுக்குத்தான் சொகுசுக்கா," என்று சொல்லித்தான் செல்வின் உள்ளே அனுப்பினான். "துணி மூட்ட மேல நல்லா சாஞ்சிக்கிடலாம். இவளுவளுக்கு வெறும் ஸ்டூலு."

இசக்கியக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

பதினொரு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினொரு பேரும் கடையின் விடுதியில் தங்கியிருப்பவர்கள். இங்கே வேலை போனால் அங்கே பாயைச் சுருட்ட வேண்டும்.

யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவளும்தான்.

லிஃப்ட் திறந்தது. அதிகாரி ஒரு பெண். நல்லவராகத்தான் தெரிந்தார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூல்களை விரல்விட்டு எண்ணினார். பதிவேட்டில் பெயர்களை எண்ணினார். சரியாக இருந்தது. செல்போனை எடுத்தார்.

"எல்லாரும் கொஞ்சம் சிரிங்கம்மா."

சிரித்தார்கள்.

"இது யாரும் ஒங்களுக்குப் போட்ட பிச்சை இல்ல. ஒங்க உரிமை. ஏதாவது குறை இருந்தா பயப்படாம சொல்லணும். நானும் ஒரு பொம்பளதான்."

அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் நின்று, செல்வின் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தான்.

அவள் முகத்துக்கு வந்தான்.

"உள்ள இன்னொருத்தங்க இருக்காங்க மேடம்," என்றாள். "பூட்டி வச்சிருக்கு."

அதிகாரி திரும்பி செல்வினைப் பார்த்தார்.

"அது ஸ்டாஃப் இல்ல மேடம்," என்றான். "ஏஜென்சி."

"ஏஜென்சியா?" அதிகாரியின் குரலிலிருந்து பாரம் இறங்கியது. "அப்ப அது இதுல வராதும்மா. அதுக்கு வேற ஃபார்ம். அவங்க முதலாளி வேற."

பேனாவை மூடினார். லிஃப்டை நோக்கி நடந்தார். செல்வின் முன்னால் ஓடிப் பொத்தானை அழுத்தினான்.

அவள் எழுந்தாள்.

பக்கத்து ஸ்டூலில் இருந்தவள் அவள் சேலை நுனியைப் பிடித்து இழுத்தாள். உதறிவிட்டு நடந்தாள். தாழ்ப்பாளைத் தள்ளினாள்.

உள்ளே விளக்கு இல்லை. வெக்கை முகத்தில் அறைந்தது. இருபுறமும் துணி மூட்டைகள். நடுவில் கிடந்த சந்தில், விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு, இசக்கியக்கா நின்றுகொண்டிருந்தார்.

நின்றுகொண்டுதான் இருந்தார். இவ்வளவு நேரமும்.

"மூட்ட மேல உக்காந்தா என்னக்கா?"

"அழுக்கு பட்டுரும்லா தாயி." குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அவிய போயிட்டாவளா?"



அக்காவின் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள். மறு கையால் தன் ஸ்டூலைத் தூக்கினாள். கடையில் யாரும் நடக்காத வேகத்தில் நடந்தாள். வீங்கிய காலை இழுத்துக்கொண்டு அக்கா பின்னால் வந்தார்.

லிஃப்ட் கதவு மூட ஆரம்பித்திருந்தது. இடைவெளியில் காலை வைத்தாள். கதவு விலகியது. உள்ளே அதிகாரி. பக்கத்தில் செல்வின்.

ஸ்டூலை வாசலில் போட்டாள். பாதி உள்ளே. பாதி வெளியே.

"உக்காருங்கக்கா."

இசக்கியக்கா செல்வினைப் பார்த்தார். அதிகாரியைப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல், வாசலோரச் சுவரைப் பிடித்தபடி, மெதுவாக இறங்கி உட்கார்ந்தார்.

கதவு இரண்டு பக்கமிருந்தும் வந்தது. அக்காவின் தோளில் இடித்தது. திரும்பிப் போனது.

"ஏ கெழவி, எந்தி!" செல்வின் கத்தினான்.

கதவு மறுபடி வந்தது. மறுபடி போனது.

அதிகாரி குனிந்து ஸ்டூலைப் பார்த்தார். கையில் கோப்பு இருந்தது.

இசக்கியக்கா வலது காலை இரண்டு கைகளாலும் தூக்கி, லிஃப்டுக்குள்ளே, அதிகாரியின் செருப்புக்குப் பக்கத்தில் நீட்டி வைத்துக்கொண்டார்.